பாட்டி காலத்துப் பாத்திரம், பர்மா தேக்கு அலமாரி: வாசகர் கேள்வி–பதில்

பழைய வீட்டுச் சாமான்களைப் பழைய மர அலமாரியிலேயே அழகாக எடுத்து வைப்பது எப்படி என்று வாசகர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பதில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: உள்ளே இருக்கும் சொம்பைப் போலவே அதைத் தாங்கும் அலமாரியும் பழம்பொருள்தான். பின்னால் திருப்பி எடுக்க முடியாத எதையும் அதற்குச் செய்யக் கூடாது.

ஆறடி உயரம், மூன்றடி அகலத்தில் கண்ணாடிக் கதவு வைத்த பர்மா தேக்கு அலமாரி மாமியார் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. நான்கு தட்டு. குடம், தவலை, கூஜா, அடுக்கு, சொம்பு என்று பித்தளையில் முப்பது உருப்படி இருக்கின்றன. எல்லாவற்றையும் வைக்கலாமா? நடுத்தட்டு இப்போதே கொஞ்சம் தொய்ந்தாற்போல் தெரிகிறது. – திருச்சி வாசகி

வைக்க வேண்டாம். பாதியை வையுங்கள், மீதியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எடையும் ஒரு காரணம், பார்வையும் ஒரு காரணம். முப்பது பித்தளைச் சாமானை மூன்றடி அகலத்தில் நெருக்கி அடுக்கினால் பாத்திரக்கடை போலத்தான் இருக்கும். கூஜாவின் கழுத்து வளைவும் தவலையின் விளிம்பும் கண்ணில் படாது. உருப்படிக்கு உருப்படி இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால்தான் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். எடுக்கும்போது ஒன்றோடொன்று இடித்துக் கீறலும் விழாது.

இனி எடை. சராசரியாக ஒன்றுக்கு இரண்டு கிலோ என்றாலும் முப்பதுக்கு அறுபது கிலோ. பழைய அலமாரித் தட்டுகள் பெரும்பாலும் முக்கால் அங்குலப் பலகைதான். மூன்றடி நீளத்தில், இரு முனையிலும் மட்டும் தாங்கல் உள்ள பத்து அங்குல அகலப் பலகையில் முப்பது கிலோவைப் பரப்பி வைத்தால், நடுவில் உடனே சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கும். பாரம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் மரம் மெல்ல மெல்ல இன்னும் அவ்வளவு தொய்யும். அந்தத் தொய்வு பாரத்தை இறக்கினாலும் முழுதாக நிமிராது. தட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தச்சர் கணக்கில் ஒரு நூலுக்கு, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் பாரம் அதிகம் என்று பொருள்.

முதலில் பாரத்தை இறக்கிவிட்டுப் பலகையைக் குப்புறத் திருப்பிப் போடுங்கள். பழைய தட்டுகள் பலவும் ஆணி அடிக்காமல் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், அதனால் எளிதாகக் கழன்று வரும். தொய்வு இப்போது மேல்நோக்கிய வளைவாகிவிடும். அடுத்து, ஒரு அங்குலச் சதுரத் தேக்கு ரீப்பரைத் தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள உயரத்துக்கு அறுத்து, நடுவில் பின்பக்கமாக ஒன்று, முன்பக்கமாக ஒன்று நிறுத்துங்கள். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம், இறுக்கமாக நின்றாலே போதும். தாங்கல் இல்லாத நீளம் பாதியாகும்போது தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மேல்தட்டுக்கு மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டு நிறுத்தினால், அந்தப் பாரம் முழுவதும் அடுத்த தட்டின் நடுவில் இறங்கி அதை ஒடிக்கும். முட்டு மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், கடைசி முட்டு தரையில் நிற்க வேண்டும். அடித்தட்டுக்குக் கீழே கால் உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்தால் அது நடக்கும்.

குடம், தவலை, அண்டா எல்லாம் அடித்தட்டுக்குத்தான். கண்மட்டத் தட்டில் சிறியதும் வேலைப்பாடு உள்ளதும் இருக்கட்டும். மேல்தட்டில் லேசான சாமான் மட்டும். தலைபாரமான அலமாரியின் இரண்டு கண்ணாடிக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் பாரம் முன்னால் சாயும். குழந்தை ஒன்று கதவைப் பிடித்துத் தொங்கினால் கேட்கவே வேண்டாம். சுவரில் இரண்டு கொக்கி அடித்து, அலமாரியின் மேல் பின்சட்டத்தைச் சுற்றி நைலான் நாடாவால் கட்டிவிடுங்கள். அலமாரியில் துளை போடத் தேவையில்லை. தரை மட்டமில்லையென்றால் முன்கால்களுக்குக் கீழே மெல்லிய தேக்கு ஆப்பு வையுங்கள். மடித்த அட்டையை வைக்காதீர்கள், அது கறையானுக்கு வைத்த விருந்து.

பின்பலகை கறுத்திருந்தால் மைக்கா ஒட்டவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம். கஞ்சி போகத் துவைத்த வெளுக்காத பருத்தித் துணியை ஒரு குச்சியில் கோத்துத் திரைபோலத் தொங்கவிடுங்கள். அந்த மங்கலான நிறத்தின் முன் பித்தளை நன்றாக எடுத்துக் காட்டும். கம்பளி, ஃபெல்ட் துணி வேண்டவே வேண்டாம். கம்பளியில் உள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும்.

பாத்திரத்தின் கழுத்திலோ விளிம்பிலோ புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் முன்னால் வரும்படி வையுங்கள். பாத்திரத்தைச் சீர்வரிசையாகக் கொண்டுவந்த பெண்ணின் பெயர், ஊரின் முதலெழுத்து, சில நேரம் தமிழ் எண்ணில் எடை என எல்லாம் அந்த ஒரு விரற்கடை இடத்தில் இருக்கும். பாத்திரத்தில் இதைவிட அரிய இடம் வேறில்லை.

அலமாரிக்குக் கீழே மாவு மாதிரி மரத்தூள் விழுகிறது. தேக்கில் பூச்சி வராது என்கிறார்களே? – கும்பகோணம் வாசகர்

தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான உள்மரத்தில், அவ்வளவு எளிதாக வராது. ஆனால் பழைய அலமாரி முழுக்க வைரமாக இருக்காது. பலகை ஓரத்தில் வெளிறிய பட்டையாகத் தெரிகிறதே, அந்த வெளிமரத்தில் வண்டு புகும். பின்பலகையும் இழுப்பறை அடிப்பலகையும் பல வீடுகளில் மாமரமாகவோ வேறு மலிவு மரமாகவோ இருக்கும். தூள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

தூள் பழையதா புதியதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அலமாரியைக் கையால் தட்டி, தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்துப் பத்து நாள் தொடாமல் விடுங்கள். தூள் மறுபடி விழுந்து, துளையின் விளிம்பு கூர்மையாகவும் உள்ளே வெளிறியும் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. துளைகள் கறுத்து, தாளில் எதுவும் விழவில்லையென்றால் அது எப்போதோ முடிந்த கதை. அதற்கு மருந்து தேவையில்லை.

உயிரோடு இருந்தால் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மரத்துக்கென்றே விற்கும், தண்ணீர் கலக்காத, எண்ணெய் வகைப் பூச்சிமருந்தை 5 மில்லி ஊசியில் எடுத்து ஒவ்வொரு துளையிலும் வழியும்வரை செலுத்துங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாலிஷ் இளகிக் கறை விழும். பாலிஷ் இல்லாத பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் தூரிகையால் இரண்டு முறை பூசுங்கள். உள்ளே முட்டையாகவோ புழுவாகவோ தப்பியது இருக்கும் என்பதால் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. வாசனை போகும்வரை, குறைந்தது பத்து நாள், கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பிறகு சாமானை அடுக்குங்கள். துளைகளை அலமாரி நிறத்து மெழுகால் அடைத்துவிட்டால் அடுத்த முறை புதுத்துளை விழுந்தால் கண்ணில் படும். வெறும் மண்ணெண்ணெய் ஊற்றுவது பல வீடுகளில் பழக்கம். அது ஆவியாகிப் போய்விடும், ஆழத்தில் இருக்கும் புழு சாகாது. தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

கறையான் வேறு. அது தூள் கொட்டாது, மண்பூச்சாகச் சுவர்வழி ஏறி வரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி, கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டு வைத்தால் மண்கோடு ஏறுவது முன்கூட்டியே தெரியும். தரை துடைக்கும் ஈரமும் காலில் ஏறாது.

பித்தளையை மாதா மாதம் புளி போட்டுத் தேய்க்கிறேன். பளபளப்பு நான்கு நாள்கூட நிற்பதில்லை. சில சொம்பில் இளஞ்சிவப்புத் திட்டு வருகிறது. – நாகப்பட்டினம் வாசகி

அந்த இளஞ்சிவப்புதான் எச்சரிக்கை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியில் நெடுநேரம் ஊறப்போட்டால் அமிலம் துத்தநாகத்தை முதலில் அரித்து எடுத்துவிடும், மேற்பரப்பில் செம்பு மட்டும் தங்கிச் சிவப்பாகத் தெரியும். எத்தனை தேய்த்தாலும் பழைய மஞ்சள் நிறம் எளிதில் திரும்பாது. ஆகவே ஊறப்போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

காட்சிக்கு வைக்கும் பாத்திரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை துலக்கினால் போதும். உங்கள் ஊர் போலக் கடற்காற்று வீசும் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எலுமிச்சை அளவு புளியைக் கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். திப்பியும் கொட்டைத் தோலும் கீறும், அதனால்தான் வடிகட்டச் சொல்கிறோம். உப்பு சேர்க்காதீர்கள். அடுக்களைப் பாத்திரத்துக்கு உப்புப் போட்டுத் தேய்ப்பது சரி, அது தினம் கழுவப்படும். அலமாரிப் பாத்திரத்தின் மூட்டிலும் எழுத்துப் புள்ளியிலும் தங்கும் உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் களிம்பு பிடிக்க வைக்கும். பழைய பருத்தித் துணியைப் புளித்தண்ணீரில் நனைத்து இரண்டு நிமிடம் தேய்த்து, உடனே கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து ஒருமுறை அலசினால் மிச்ச அமிலமும் போகும். பிறகு நல்ல தண்ணீர். பெயர் வெட்டிய இடத்தில் பழைய துலக்குத்தூள் வெள்ளையாக அடைந்திருக்கும். அதற்கு மென்மையான பல்துலக்கிதான், ஊசியால் குத்தாதீர்கள். துடைத்து, இருபது நிமிடம் வெயிலில் வைத்து, சூடு ஆறியதும் அடுத்த வேலை.

அந்த அடுத்த வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிறமில்லாத, தேய்ப்புத்தூள் கலக்காத மெழுகுப் பாலிஷை ஒரு சொம்புக்கு மிளகளவு எடுத்து மெல்லப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் துணியால் மினுக்குங்கள். காற்றும் ஈரமும் நேராகப் படாமல் அந்தப் படலம்தான் காக்கிறது. இது இல்லாததால்தான் உங்கள் பளபளப்பு நான்கு நாளில் போகிறது. தேங்காய் எண்ணெய் தடவுவது தவறு. எண்ணெய் காறிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், அதன் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சையாக மாறும். துலக்கிய பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி அடுக்காதீர்கள். வியர்வை உப்பு பட்ட இடத்தில் இரண்டு வாரத்தில் விரல்ரேகை கறுப்பாக எழும். துணியால் பிடித்துக்கொண்டு வையுங்கள்.

உள்ளே ஈயம் பூசிய பாத்திரமென்றால் உட்பக்கத்தைத் தேய்க்கவே கூடாது, பூச்சு போய்விடும்.

இன்னொன்று. எல்லாப் பச்சையும் அழுக்கல்ல. சீராக, கெட்டியாகப் படிந்த பழுப்பும் பச்சையும் கேடு செய்யாது. குறிப்பாக வெண்கல விளக்குக்கு அது அழகுதான், விட்டுவிடலாம். வெளிர்பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாக வந்து, துடைத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் வருவதுதான் நோய். உள்ளே உப்பு புகுந்து உலோகத்தைத் தின்கிறது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மதிப்புள்ள பொருளானால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். அங்கே உலோகப் பாதுகாப்புக்கென்று 1930-களிலிருந்தே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இயங்கி வருகிறது.

அலமாரிக்குப் புதிதாக பாலிஷ் போடலாமா? மெலமைன் என்ற புதுவகைப் பூச்சு அடித்தால் பத்து வருடம் பார்க்க வேண்டாம் என்கிறார் தச்சர். – மதுரை வாசகர்

உங்கள் அலமாரியில் இப்போது இருப்பது எது என்று பாருங்கள். கண்ணில் படாத ஓரத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறினால் அது அவலரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். பழைய சாமான்களில் பெரும்பாலும் இதுதான். அதன் மேல் மெலமைனோ பி.யு. என்னும் பாலியூரித்தேன் பூச்சோ அடித்தால் சரியாகப் பிடிக்காமல் சில ஆண்டில் தோலாக உரியும். பிடிக்க வேண்டுமென்றால் மரத்தை அடிவரை இழைக்க வேண்டும். இழைத்தால் நூறாண்டு கைபட்டு ஏறிய நிறமும், செதுக்கிய பூவின் விளிம்பும் போய்விடும். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 முதல் 200 கிராம் அவலரக்கைப் போட்டு ஓர் இரவு ஊற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அலமாரியைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பஞ்சைத் துணியில் பொதிந்த பந்தால் மெல்லிய படலமாக இழுங்கள். ஒரு படலத்துக்கும் அடுத்ததற்கும் அரை மணி நேரம். மூன்று நான்கு போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை கூடாது. காற்றின் ஈரம் அரக்கில் மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கும். மாசி, பங்குனிதான் ஏற்ற காலம்.

பாட்டியின் ஈயச்சொம்பு இருக்கிறது. ஈயம் விஷம் என்கிறார்களே, அலமாரியில் வைப்பதே தவறா? – தஞ்சாவூர் வாசகி

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். விஷம் என்பது காரீயம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வந்த குழப்பம் இது. ஆனால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்றதும் உண்டு. சொம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத்தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில்போலச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கிறது, அதில் இனிச் சமைக்காதீர்கள். கோடு விழாததால் மட்டும் சுத்தம் என்று முடிவு கட்டவும் முடியாது. சமையலுக்கு வேண்டுமென்றால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

அலமாரியில் வைக்கத் தடையில்லை. காரீயக் கலப்பு உள்ளதென்றால் தொட்டபின் கை கழுவுங்கள். மேலே வெள்ளைத் தூள் பூத்தால் ஊதியோ உலர்துணியால் தட்டியோ விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் போட்டுவிடுங்கள். மரம், அதிலும் புதிய பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, அமில ஆவியை வெளிவிடும். காரீயத்தை அது அரிக்கும். பழைய அலமாரிக்குள் புதிய பிளைவுட் தட்டு செருகாதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆகவே சூடேறும் விளக்குக்கு அருகிலும், வெறுமையாக அடுப்பிலும் வைக்கக் கூடாது. மெத்தென்ற உலோகம் என்பதால் மேலே எதையும் அடுக்கவும் கூடாது.

ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் காயவைத்து அலமாரியில் வைத்தேன். ஒரு மாதத்தில் வெளியே வெள்ளையாகப் பூத்து, மேல்பூச்சு செதில் செதிலாக வருகிறது. – ஈரோடு வாசகி

உப்பு. முப்பது நாற்பது வருடம் ஆவக்காயும் நார்த்தங்காயும் இருந்த ஜாடியில், பளபளப்பின் நுண்விரிசல் வழியே உப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். ஜாடி புழக்கத்தில் இருந்தவரை உப்பு கரைந்தே இருந்தது. இப்போது காய்ந்ததும் படிகமாகி விரிகிறது, அந்த அழுத்தத்தில் பூச்சு தெறிக்கிறது.

செதில் பெரிது பெரிதாக விழும் நிலையில் இருந்தால் தொடாதீர்கள். லேசாகப் பூக்கும் நிலைதான் என்றால், பிளாஸ்டிக் வாளியில் ஜாடி மூழ்க நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். கிணற்று உப்புத் தண்ணீர் உதவாது. மழைத்தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றி, பத்து முதல் பதினைந்து நாள். ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை வளையம் விழுவது நின்றால் போதும். பிறகு நிழலில் இரண்டு வாரம் மெல்லக் காயட்டும். வெயிலில் வைத்தால் மிச்ச உப்பு ஒரேயடியாக வெளியே பாயும். மூடியைப் போட்டு வைக்காமல் ஓரத்தில் சிறு குச்சி கொடுத்துக் காற்று போக விடுங்கள்.

மங்குத் தட்டு, மங்கு அடுக்குகளில் சில்லு விட்டுத் துரு ஏறுகிறது. பெயின்ட் தொட்டு வைக்கலாமா? – காரைக்குடி வாசகர்

வேண்டாம். மங்கு என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கி ஏற்றிய கண்ணாடி. பெயின்ட் அதன் நிறத்தோடு ஒருநாளும் ஒட்டாது, அடியில் துருவும் நிற்காது. துரு உள்ள இடத்தை மட்டும் உலர்ந்த தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, பித்தளைக்குச் சொன்ன அதே மெழுகை அந்தப் புண்ணில் மட்டும் இரண்டு முறை வையுங்கள். அடுக்கி வைத்தால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். ஓரம் ஓரத்தில் மோதுவதுதான் சில்லுக்குக் காரணம். அடிப்பக்கத்தில் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா என்று நாட்டின் பெயர் முத்திரை இருக்கும். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கடல்வழி வந்த சரக்கின் சான்று அது. ஒரு தட்டையாவது அந்தப் பக்கம் தெரியத் திருப்பி, ஏந்தியில் நிறுத்துங்கள். பழைய சிவப்பு, மஞ்சள் மங்கில் நச்சு உலோகம் கலந்த நிறமிகள் இருக்கக்கூடும். சில்லுவிட்டதில் சாப்பாடு போடாதீர்கள்.

மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் இருக்கின்றன. எந்த வரிசையில் வைப்பது? செட் முழுதாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – விருதுநகர் வாசகர்

அரிசியால் அளந்துதான். சிறியதில் தலைதட்டி அளந்து அடுத்ததில் கொட்டுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டு படி ஒரு மரக்கால். ஒரு தாவலில் இரண்டுக்குப் பதில் நான்கு பிடித்தால் நடுவே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மூன்று, மூன்றரை என்று ஒழுங்கில்லாமல் வந்தால் இரண்டு ஊர்ப் படிகள் கலந்திருக்கின்றன. பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் அளவு மாறும்.

பாதிக்குப் பாதியாகச் சிறுக்கும் அந்த வரிசையை இடமிருந்து வலமாக ஒரே தட்டில் வையுங்கள், வேறு எதையும் அதில் கலக்காதீர்கள். விளிம்புக்குக் கீழே எழுத்தும் எண்ணுமாகக் குத்திய முத்திரை இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அளவு சரிபார்த்ததற்கான அடையாளம் அது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறையானது. அதன்பின்தான் படி கடையிலிருந்து வீட்டுக்குள் போனது.

மரத்தில் செய்து பித்தளைப் பூண் போட்ட மரக்கால் என்றால் குளிர்சாதன அறை ஆகாது. மரம் காய்ந்து சுருங்கிப் பூண் கழன்றுவிடும். கழன்றால் ஆணி அடிக்காதீர்கள், மழைக்காலம் வரை அப்படியே வைத்திருங்கள். பெரும்பாலும் மரம் ஈரம் வாங்கித் தானே இறுகும்.

பழைய வெண்கலச் சிலை ஒன்றும், தந்தம் பதித்த பெட்டி ஒன்றும் அலமாரியில் இருக்கின்றன. சட்டச் சிக்கல் உண்டா? – கோயம்புத்தூர் வாசகர்

உண்டு. தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு ஆன பொருளை அது தொல்பொருள் என்கிறது. இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டு. சிலை, ஓவியம், படம் தீட்டிய சுவடி போன்றவற்றைப் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். உங்கள் சிலை அந்த வயதென்றால் புகைப்படத்தோடு பதிவு செய்யுங்கள். வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோக அனுமதி இல்லை. புழங்கிய குடம், சொம்பு, படி போன்றவை பதிவுப் பட்டியலில் வராது. ஆனாலும் நூறு ஆண்டைக் கடந்ததை மகனுக்கு அமெரிக்காவுக்குக் கொடுத்தனுப்பும் முன் விசாரியுங்கள். தந்தத்துக்கு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், விற்பதும் வாங்குவதும் குற்றம். பெட்டி வீட்டில் இருப்பதற்கான சான்றிதழ் பற்றி மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள்.

அலமாரிக்குள் விளக்குப் போட ஆசை. கண்ணாடியும் பழையது, லேசாக நெளிந்து தெரிகிறது. மாற்றிவிடலாமா? – சென்னை வாசகி

கண்ணாடியை மாற்றாதீர்கள். அந்த நெளிசல் பழைய முறையில் செய்த கண்ணாடியின் அடையாளம், இப்போது அப்படிக் கிடைப்பதில்லை. கதவு அசையும்போது கடகடத்தால் கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பழைய மக்குப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆளி எண்ணெயும் சாக்பவுடரும் பிசைந்த மக்கைப் புதிதாக வைத்தால் போதும். சிலிக்கோன் வைத்தால் நாளை கண்ணாடியை உடைக்காமல் கழற்ற முடியாது. அது காயும்போது வரும் புளிப்பு வாசனை அசெடிக் அமிலம், உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஆகாது.

விளக்குக்கு 2700 கெல்வின் மஞ்சள் நிற எல்.இ.டி. நாடா. கதவுச் சட்டத்தின் உட்புறம், பார்ப்பவர் கண்ணில் படாமல், முன்னாலிருந்து பின்னோக்கி ஒளி விழும்படி வையுங்கள். பின்னால் வைத்தால் பாத்திரம் நிழலுருவாகத்தான் தெரியும். நாடாவின் பசையை நேராக அரக்குப் பாலிஷில் ஒட்டினால் உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். அலுமினியச் சட்டத்தில் நாடாவை ஒட்டி, அந்தச் சட்டத்தைத் தட்டுக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே இறுக்கமாகச் செருகிவிடுங்கள். கம்பியைக் கொண்டுபோக மரத்தில் துளை போட வேண்டாம், பின்பலகை இடுக்கு போதும். நாடாவுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும், சூடாகும் டிரைவர் பெட்டி அலமாரிக்கு வெளியே, சுவரில் இருக்கட்டும்.